தொண்ணூறைத் தொடாத கவனமானி

தலைவர் சண்முகக்கனி மேசைக்குப் பின்னால், கை வைத்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம், ஜன்னலை ஒட்டி, செயலாளர் அமலோற்பவம். வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, விருந்தாளிக்கென்று துடைத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், சென்னையிலிருந்து வந்திருந்த நிவேதன். பொருளாளர் வரவில்லை, மகள் பிரசவத்துக்காகத் திருச்செந்தூர் போயிருந்தார். தரையில் விரித்த தார்ப்பாயில் உறுப்பினர்கள். முன்னால் பெண்கள், உப்புத் தண்ணீரில் நின்று வெடித்த பாதங்களை நீட்டிக்கொண்டு; அவர்களுக்கு நட்டநடுவில் ராசகிளி. ஆண்கள் சுவரில் சாய்ந்தும், வாசல்படியில் பாதி உள்ளே பாதி வெளியேயுமாக. இவர்கள் எல்லோருக்கும் எதிரே, சுவரில், பெட்டி.

காலையில் விழுந்த தூறலால் அன்று பாத்தியில் வேலை இல்லை. அதனால்தான் அளத்தங்கரை உப்பளத் தொழிலாளர் சேமநிதிச் சங்கத்தின் அவசரக் கூட்டத்துக்கு இத்தனை கூட்டம்.

பெட்டி என்றால் அந்த ஊரில் ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். படம் காட்டும், செய்தி சொல்லும், எதிரே நின்று பேசினால் பதிலும் சொல்லும். அதன் மூலையில் நீல எழுத்தில் ஓர் எண் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அன்று காலை அது எண்பத்தெட்டு.

"இன்னொருவாட்டி வெளக்கமாச் சொல்லுங்க தம்பி," என்றார் சண்முகக்கனி. "எல்லாருக்கும் புரியணும்லா."

நிவேதன் எழுந்து நின்றான். கவனமானி நிறுவனத்தின் அடையாள அட்டை அவன் கழுத்தில் ஆடியது. "ஒரு கம்பெனியைப் பத்தி நாடு எவ்வளவு பாக்குது, எவ்வளவு கேக்குது, எவ்வளவு பேசுது... இதை அளக்கிற கருவிதாங்க ஐயா கவனமானி. முன்னாடி லாபக்கணக்கைப் பாத்துப் பங்கு வாங்கினாங்க. லாபக்கணக்கு மூணு மாசத்துக்கு ஒருதடவைதான் வரும். கவனம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். மின்சாரக் கம்பெனிங்க விஷயத்துல முதல்ல செய்தி ஏறுது, பின்னாடியே விலை ஏறுது. அதனால பங்குச்சந்தையே இப்ப விலைக்குப் பக்கத்துல இந்த எண்ணையும் போடுது."

"அப்ப எம்பத்தெட்டுன்னா?"

"உப்பு மின்சாரம் எடுக்கிற லவண் பவர் மேல, நூறு பேர்ல எண்பத்தெட்டு பேரோட கவனம் இருக்குன்னு தோராயமா வச்சுக்கலாம்."

ராசகிளி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "கேட்டியளா செயலாளரக்கா? நாட்டுல நூத்துக்கு எம்பத்தெட்டுப் பேரு நம்ம உப்பத் திரும்பிப் பாக்கான். நீங்க ஒராளுதான் மொகத்தத் திருப்பிக்கிட்டு இருக்கிய."

"நான் மொகத்தத் திருப்பல, ராசகிளி. கையப் பொத்தி வச்சிருக்கேன். உள்ள இருக்கது நம்ம ஐப்பசி கார்த்திகை அரிசி."

அதுதான் விஷயம். மழை தொடங்கினால் பாத்திகள் கரைந்துபோகும். மூன்று மாதம் அளத்தில் வேலை கிடையாது. முன்பெல்லாம் அந்த மூன்று மாதத்துக்கு அளத்து முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். வாங்கியவர்கள் அடுத்த வருஷம் முழுக்க அவர் சொன்ன கூலிக்கு அவர் சொன்ன பாத்தியில் நிற்க வேண்டும். அமலோற்பவத்தின் அம்மா அப்படி நின்றவள். சங்கம் வந்து, கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துச் சேர்த்து, மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு மழைப்படி கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது.

போன ஆடிக் கூட்டத்தில் அந்தச் சேமநிதிக்கு ஒரு நிலை உத்தரவு போட்டிருந்தார்கள். லவண் பவரின் கவனமானி தொண்ணூறைத் தொட்ட நிமிஷம், நிதி மொத்தமும் தானாகவே அந்தக் கம்பெனிப் பங்காக மாறிவிடும். சண்முகக்கனி பெட்டியின் மேல் ஒரு விரலை வைத்தார், முடிந்தது. திரும்பப் பெறுவது அப்படியில்லை. யாருடைய முகத்தையும் குரலையும் போலியாகச் செய்துவிடக்கூடிய காலம் ஆகிவிட்டதால், ரத்து என்றால் தாளில் மையால் எழுதி, சங்க முத்திரை வைத்து, மதுரைப் பங்கு அலுவலகத்துக்குத் தபாலில் போக வேண்டும். அதற்கு முன்னால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கை தூக்க வேண்டும்.

எண் எண்பத்தைந்தைத் தாண்டிய நாளிலிருந்து அமலோற்பவத்துக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைய கூட்டத்தைக் கூட்டியவள் அவள்தான்.

"தம்பி," என்றாள் நிவேதனிடம். "தொண்ணூறு ஆன பொறவு எந்தக் கம்பெனியும் எறங்கினதே இல்லியா?"

"இறங்கியிருக்கு."

"அப்பப் போட்ட பணம்?"

"இருக்கும்..." அவன் காதுமடலைத் தடவினான். "கொஞ்சம்."

சுவரோரம் சிரிப்பு எழுந்தது. ஆனால் ராசகிளி விடவில்லை. "எறங்கினதச் சொல்லுதிய, ஏறினதச் சொல்ல மாட்டேங்கிய. எனக்கு முப்பத்தாறு வயசு. மாடிப்படி ஏற முடியல, முட்டு நவுந்து போச்சு. இன்னும் எத்தன வருசம் கூடை கூடையா உப்புச் சொமக்கணும்? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நம்ம உப்பு நமக்குச் சொமக்கட்டுமே!"

பெண்கள் பக்கம் 'ஆமா' என்று ஒரு முனகல். ராசகிளி சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

ரத்துக்குக் கை தூக்கச் சொன்னார் தலைவர். பாதிக் கைகூட ஏறவில்லை. எண்ணிக்கொண்டிருக்கும்போதே மூலையில் நீலம் சிமிட்டி, எண்பத்தொன்பது ஆனது. யாரோ விசிலடித்தார்கள். பெட்டியில் அளத்தங்கரையின் வெள்ளைக் குவியல்களையும், உப்பு மின் நிலையத்தின் கொட்டகையையும் காட்டினார்கள். "ஏ, அந்தா நம்ம பேச்சித்தாய் அத்த!" என்று ஒரு பெண் கத்த, எல்லோரும் முழங்காலில் எழுந்து பார்த்தார்கள்.

அப்போதுதான் வாசலில் நின்ற ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். பேச்சித்தாயின் கொழுந்தன், அவள் புருஷன் கொம்பையாவின் தம்பி, உள்ளே வந்தார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்.

"அண்ணன் போயிட்டாவ," என்றார். "இப்பத்தான்."

முதலில் எழுந்தவள் ராசகிளி. நேரே சுவருக்குப் போய்ப் பெட்டியை அணைத்தாள். இரண்டு நிமிஷத்துக்குள் மேலத்தெரு, கீழத்தெரு, கோயில் தெரு எங்கும் ஒவ்வொரு வீடாகச் சத்தம் அடங்குவது ஜன்னல் வழியே கேட்டது. அளத்தங்கரையில் ஓர் உயிர் போனால் எடுக்கும் வரைக்கும் எந்த வீட்டிலும் எதுவும் பாடாது, எதுவும் பேசாது. வேதக்காரர் வீடு, இந்து வீடு என்று அதில் வித்தியாசம் இல்லை. சத்தம் வைத்த வீட்டில் நாளைக்கு ஒரு விசேஷம் என்றால் பந்தல்கால் பிடிக்க ஆள் வராது.

கூட்டம் எழுந்து சத்தமில்லாமல் கொம்பையா வீடு இருக்கும் பின்தெருவுக்குப் போனது. கதவைப் பூட்ட அமலோற்பவம் நின்றாள். மத்தியானப் பேருந்துக்காக நிவேதன் நின்றான். கையகலக் கருவி ஒன்றைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, "மேடம்," என்றான்.

"அக்கான்னு கூப்புடுங்க. சொல்லுங்க."

"கவனமானி கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்."

அவள் எட்டிப் பார்த்தாள். எழுபத்தொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐம்பத்திரண்டு. நிவேதன் வேறு கம்பெனிகளைத் தட்டினான். காற்றாலைக் கம்பெனி இருந்த இடத்தில் இருந்தது. கடலலைக் கம்பெனி அசையவில்லை. உப்பு மட்டும் பாறையை உருட்டிவிட்டதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்று.

"நாட்டுல ஏதாச்சும் நடந்துட்டா?"

"ஒண்ணுமில்லையே..." என்று சொல்லிக்கொண்டே அவன் தலையைத் தூக்கினான். அணைந்திருந்த பெட்டியைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். வெளியே காக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. "அக்கா, இந்தப் பெட்டியை யாரு குடுத்தாங்க?"

"லவண் பவர் ஆளுகன்னுதான் நெனச்சோம். வண்டில வந்தாவ, எறக்கிப் போட்டாவ."

அவன் நாற்காலியில் ஏறிப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பினான். பின்பக்கம் விரல்நகம் அளவுக்கு ஒரு சின்ன முத்திரை. அவன் கழுத்து அட்டையில் இருந்த அதே சின்னம். நாற்காலியிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏறி நிக்கது ஒடஞ்ச நாக்காலி தம்பி. எறங்குங்க."

இறங்கி உட்கார்ந்தான். "நாடு முழுக்க எல்லா வீட்டையும் அளக்க முடியாதுக்கா. சில வீடுகளை மாதிரியா எடுத்துப்போம். எந்த வீடுன்னு வெளிய யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. உப்பு மின்சாரத்தை அளக்கணும்னா அதுல ஆர்வமுள்ள குடும்பமா இருக்கணும்னு யாரோ முடிவு பண்ணியிருக்காங்க. ஆர்வம் யாருக்கு இருக்கும்? உப்புக்காரங்களுக்கு."

"அப்ப நாடு?"

"நாடு நீங்கதான்."

அமலோற்பவம் பின்தெருவுக்குப் போய்த் தலைவரையும் ராசகிளியையும் கூட்டிக்கொண்டு வந்து, கதவைச் சாத்தி, "சத்தமில்லாமக் கேளுங்க," என்றாள். நிவேதன் மறுபடி முதலிலிருந்து சொன்னான்.

"பெட்டில ஒங்க ஊரைக் காட்டினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சத்தத்தக் கூட்டி வைப்போம்," என்றார் சண்முகக்கனி. "பக்கத்து வீட்டுக்காரனக் கூப்புடுவோம். வேற என்ன செய்ய? நம்ம ஊருல்லா."

"அதைக் கருவி பாக்குது. கவனம் ஏறிடுச்சுன்னு சொல்லுது. எண் ஏறினதும் செய்திக்காரங்க இன்னும் ரெண்டு தடவை ஒங்க ஊரைக் காட்டுறாங்க. நீங்க இன்னும் சத்தத்தைக் கூட்டுறீங்க. எண்ணைப் பாத்து வெளியூர்ல பங்கு வாங்குறாங்க. விலை ஏறுது. விலை ஏறினது ஒரு செய்தி. அதையும் நீங்க பாக்குறீங்க."

ராசகிளியின் முகம் சுண்டிப்போனது. அவள் உப்புக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கும் காட்சி ஒன்று செய்தியில் வரும். கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

"அப்ப அந்த எம்பத்தெட்டும் நாமதானா?" என்றாள். "ஒருத்தனும் நம்மளப் பாக்கலியா?"

அவளே சொல்லிக்கொண்டாள். "நான் ஒருத்தியே அதுல அஞ்சாறு இருப்பேன். அந்த நடை வரும்போதெல்லாம் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்திருக்கேன்."

சண்முகக்கனிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சாவு வீடு. சிரிக்கக் கூடாது என்பதாலேயே அது அடங்கவில்லை. துண்டை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்கினார். ராசகிளி முந்தானையைக் கடித்தாள். அமலோற்பவம் மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த கல் அது.

"காசு போகலல்லா?" என்றாள் ராசகிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"போகல."

"மாதாவே. அது போதும்." அவள் சாமியும் மாதாவும் ஒன்றாகக் கும்பிடுகிறவள்.

சிரிப்பு அடங்கியதும் நிவேதன் மெதுவாகச் சொன்னான். "இன்னும் முடியலக்கா. இப்ப முப்பதுக்கு இறங்கியிருக்கு. 'உப்பு மின்சாரம் வீழ்ச்சி'ன்னு சாயங்காலம் எல்லாச் செய்தியிலயும் வரும். எடுத்து முடிச்சு நீங்க பெட்டியைப் போடுவீங்க. ஊரே ஒக்காந்து அதைப் பாக்கும். பாத்தா ஏறும். தொண்ணூறு என்ன, தொண்ணூத்தஞ்சுக்கே போகும். நல்ல செய்தியா கெட்ட செய்தியான்னு கருவிக்குத் தெரியாது. விலை கீழ விழுந்துக்கிட்டு இருக்கும்போது ஒங்க பணம் உள்ள போயிடும்."

சண்முகக்கனி துண்டை உதறித் தோளில் போட்டார். "இது வெளிய தெரிஞ்சா கம்பெனிய மூடிருவானா? நாப்பது பேருக்கு வேல தாரேன்னிருக்கான்."

"மின்சாரம் பொய்யில்லங்க ஐயா. உப்பெடுத்து மிஞ்சின அடர்நீர் ஒரு பக்கம், நல்ல தண்ணி ஒரு பக்கம், நடுவுல ஒரு சவ்வு. அதுல மின்சாரம் வருது. கொஞ்சமா, மெதுவா வருது. நாப்பது பேருன்னு சொன்னது இருபது ஆகலாம். விலைதான் அதை விட்டுட்டு முன்னால ஓடிப்போச்சு."

"இருவதுன்னாலும் நெசமான இருவது," என்றாள் அமலோற்பவம். "தம்பி, இப்ப ரத்துக்கு எழுதினா?"

"மதுரைக்கு மூணு நாள்ல போயிடும். அதுவரைக்கும் எண் ஏறக் கூடாது. இன்னொண்ணும் இருக்கு." அவன் அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டான். "மரக்காணம் பக்கத்துல ஒரு உப்பளச் சங்கம். அங்கயும் இதே பெட்டி, இதே தொண்ணூறு. போன வாரம் நான்தான் போய் விளக்கம் சொன்னேன்."

"இப்பமே போன் போடுதேன்," என்று ராசகிளி எழுந்தாள்.

"வேண்டாம். போன் வந்தா அவங்க பெட்டி முன்னாடி நின்னுதான் பேசுவாங்க. நூறு வீட்டுல ஒரே நேரத்துல 'லவண் பவர்'னு கத்தினா அதுவும் கவனம்தான்."

அமலோற்பவம் ஏற்கெனவே மேசை இழுப்பறையைத் திறந்திருந்தாள். "தாளு பேசாதுல்லா?"

"பேசாது."

கொம்பையா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அமலோற்பவம் பெண்களை விலக்கிக்கொண்டு போய்ப் பேச்சித்தாயின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு காதோடு காதாக விஷயத்தைச் சொன்னாள். எடுத்த பிறகும் மூன்று நாள் ஊர் பெட்டிகளை அணைத்தே வைக்க வேண்டும், அதற்கு வீட்டுக்காரி சம்மதிக்க வேண்டும், சாவைச் சாக்காக எடுத்துக்கொண்டதாக நினைத்துவிடக் கூடாது என்றாள்.

பேச்சித்தாய் அழுத கண்ணோடு அவளைப் பார்த்தாள். "என்னட்டி கேள்வி இது? நாப்பது வருசம் அளத்து எஞ்சின் பக்கத்துல நின்னு அவியளுக்குச் சத்தமே ஆகாது. சாயங்காலமானா ஒங்க பெட்டியளத் திட்டாத நாளு உண்டா? மூணு நாளு என்னத்துக்கு, பதினாறு வரைக்கும் அணைச்சு வைங்க. கொம்பையாவுக்காக ஊரே பதினாறு நாளு சத்தம் காட்டலன்னு இருக்கட்டும்."

பந்தலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், கூட்டம் மறுபடி கூடியது. இந்த முறை பேச்சு இல்லை. சண்முகக்கனி ஒவ்வொருவர் காதிலும் சொல்லிக்கொண்டே போனார். முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து, திகைத்து, கீழே குனிந்து சிரிப்பை அடக்கின. கைகள் ஏறின. ஒரு கைகூட மிச்சமில்லை. ராசகிளி இரண்டு கையையும் தூக்கினாள். தலைவர் ஒன்றைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

அமலோற்பவம் சங்கத்துக்குத் திரும்பி இரண்டு கடிதம் எழுதினாள். மதுரைக்கு எழுதியது நாலே வரி. மரக்காணத்துக்கு எழுதியதுதான் நீளம்.

'அன்புள்ள தோழர்களுக்கு, வணக்கம். முதலில் பெட்டியை அணைக்கவும். அணைத்த பிறகு, வாய்விட்டுப் படிக்காமல், இக்கடிதத்தைக் கைமாற்றிப் படிக்கவும். யாரும் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டாம். நாங்கள் நலம். எங்கள் பணமும் நலம். உங்கள் பணமும் இதுவரை நலம் என்றே அறிகிறோம்...' என்று தொடங்கி, நடந்ததை நடந்த வரிசையில் எழுதினாள். லவண் பவரின் மின்சாரத்தில் குறை இல்லை என்பதையும் தனிப் பத்தியாக எழுதினாள், நியாயம் அதுதான். கடைசியில், 'சாட்சிக்கு ஒருவர் கையெழுத்து வைத்தால் நம்புவதற்கு எளிதாக இருக்கும்,' என்று எழுதிவிட்டு, நிமிர்ந்து நிவேதனைப் பார்த்தாள். கேட்கவில்லை.

அவன் பேனாவை வாங்கினான். பெயரும் ஊழியர் எண்ணும் எழுதினான்.

"வேலைக்கு ஒண்ணும் ஆகாதே தம்பி?"

"ஆகும்." கொஞ்சம் தண்ணீர் கேட்டுக் குடித்தான். "இருந்தாலும் இன்னைக்குத் தூங்குவேன்க்கா."

"பேருந்து போயிட்டு. இங்கனயே சாப்பிடுங்க. சாவு வீட்டுக்கு அடுத்த வீட்டுல சோறு வடிச்சாச்சு. எனக்கும் பசிக்கு." சொன்ன பிறகுதான், எத்தனை நாள் கழித்து அந்த வார்த்தையைச் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

சாப்பிட்டுவிட்டுத் தூறலில் நடந்து ஊர்ப்பாதை பிரியும் விலக்கில் இருக்கும் தபால் நிலையத்துக்குப் போனாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்பதால் அந்த இடம் ஊர் எல்லைக்குள் வராது. அங்கே பெட்டி அலறிக்கொண்டிருந்தது. உப்பு மின்சாரத்தைப் பற்றிய கவனம் ஏன் சரிந்தது என்று நாலு நிபுணர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்து தபால் ஊழியர் மெர்சி உறைகளை எடை போட்டாள்.

"மதுரைக்கு ஒண்ணு. மரக்காணத்துக்கு ஒண்ணு," என்று விலாசத்தையும் மேலே ஓடும் செய்தியையும் பார்த்தாள். "என்னக்கா, லவண் ப—"

அமலோற்பவம் சட்டென்று உதட்டில் விரல் வைத்து, மேலே பெட்டியைக் கண்ணால் காட்டினாள். மெர்சிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் செயலாளரக்கா முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து, அவளும் வாயை மூடிக்கொண்டு, மெழுகுவத்தியைக் கொளுத்திக் கொடுத்தாள். அமலோற்பவம் உறைகளின் மடிப்பில் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, சங்க முத்திரையை அழுத்தி, பத்து வரை எண்ணி எடுத்தாள். மெர்சி இரண்டையும் சாக்குப் பையில் போட்டு வாயைக் கட்டினாள். வாசலில் நின்ற சிவப்பு வண்டி பையை வாங்கிக்கொண்டு கிளம்பியது.